உடையும் என்று தெரியும், எங்கே என்று தெரியாது

14,75,73,95,25,89,67,64,12,927. இருபத்தோரு இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணை உண்டாக்குவது எளிது. 67 இரண்டுகளை வரிசையாகப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் போதும். கணிதத்தில் 2⁶⁷ − 1 என்று எழுதுவார்கள். வாய்விட்டுச் சொன்னால் ஏறக்குறைய பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி. எண்களின் வரலாற்றில் இதற்கு ஓர் அபூர்வமான இடம் உண்டு. 1876 முதல் 1903 வரை, இது தன்னைவிடச் சிறிய எண்களைப் பெருக்கி வந்த எண்தான் என்பது தெரிந்திருந்தது. எந்த எண்களைப் பெருக்கினால் இது வரும் என்பது மட்டும் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. ஓர் எண் உடையும் என்று அறிவதும், எங்கே உடையும் என்று அறிவதும் ஒரே அறிவின் இரண்டு பாதிகள் அல்ல. இரண்டும் வெவ்வேறு வழியில் வருகின்றன, வெவ்வேறு விலை கேட்கின்றன. அந்த விலை வித்தியாசத்தின் மேல்தான் இன்றைய இணையப் பாதுகாப்பின் பெரும்பகுதி கட்டப்பட்டிருக்கிறது என்பதால், இந்தப் பழைய எண்ணின் கதையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண். வேறு எண்களாலும் வகுபட்டால் பகு எண். இது பள்ளிப் பாடம். 2-இன் அடுக்குகளில் ஒன்றைக் கழித்துக்கொண்டே வந்தால் 3, 7, 31, 127 என்று பகா எண்கள் அடிக்கடி கிடைக்கின்றன. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடை பகா எண்ணாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 11ஆம் அடுக்கில் வரும் 2047 ஏமாற்றிவிடுகிறது: அது 23-ஐயும் 89-ஐயும் பெருக்கி வருவது. பாரிஸில் வாழ்ந்த மாரென் மெர்சென் என்ற துறவி 1644இல் வெளியிட்ட நூலில், 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண் தரும் என்று எழுதினார். எப்படிக் கண்டார் என்று சொல்லவில்லை. பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன என்பது பின்னால் தெரிந்தது: 67, 257 இரண்டும் இருந்திருக்கக் கூடாது, 61, 89, 107 மூன்றும் விடுபட்டுவிட்டன. ஆனாலும் இந்த எண்களுக்கு அவர் பெயரே நிலைத்தது. அது நியாயம்தான் என்பேன். இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பல நாட்டு அறிஞர்களை வேலை வாங்கிய பட்டியல் அது.

67ஆம் அடுக்கு தரும் எண் பகா எண்ணா என்று எப்படிச் சோதிப்பது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வகுத்துப் பார்ப்பது. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு காரணியாவது இருந்தாக வேண்டும். இந்த எண்ணின் வர்க்கமூலம் சுமார் 1,215 கோடி. அத்தனை எண்களாலும் வகுக்கத் தேவையில்லை. இதன் காரணி எதுவானாலும் அதை 134-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. 134 என்பது 67-இன் இரு மடங்கு. இந்த விதிகளால் சலித்த பிறகும் நாலரைக் கோடி எண்கள் மிஞ்சும். ஒவ்வொன்றாலும் ஓர் இருபத்தோரு இலக்க எண்ணைக் கையால் வகுத்துப் பார்ப்பது ஒரு மனித ஆயுளுக்குள் அடங்காத வேலை.

வகுக்காமலே சோதிக்கும் வழிக்கு விதை போட்டவர் பியர் த ஃபெர்மா. 1640இல் அவர் கண்ட உண்மை இது: ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி கட்டாயம் 1. மறுபுறம் பார்த்தால் இதன் வலிமை தெரியும். மீதி 1 வராவிட்டால் அது பகா எண் இல்லை, பேச்சே இல்லை. 91-ஐ எடுத்துக்கொள்வோம். பார்வைக்குப் பகா எண் போலத் தோன்றி மாணவர்களை அடிக்கடி ஏமாற்றும் எண் அது. 2-இன் 90ஆம் அடுக்கை 91-ஆல் வகுத்தால் என்ன மிஞ்சும்? முதலில் 2-இன் 12ஆம் அடுக்கைப் பாருங்கள்: 4096. அதில் 91-இன் 45 மடங்கான 4095 போனால் மீதி 1. ஆகவே 12-இன் மடங்கான 84ஆம் அடுக்கிலும் மீதி 1. எஞ்சியிருப்பது 6 அடுக்கு. 2-இன் 6ஆம் அடுக்கு 64. ஆகவே 90ஆம் அடுக்கின் மீதி 64. 1 அல்ல. 91 பகு எண் என்பது முடிவாகிவிட்டது. இந்தக் கணக்கில் 7 எங்கும் வரவில்லை, 13 எங்கும் வரவில்லை. அந்த இரண்டையும் பெருக்கினால்தான் 91 வருகிறது என்ற செய்தியைத் தொடாமலே, 91 உடையும் எண் என்று நிரூபித்துவிட்டோம்.

இந்தச் சோதனைக்கு ஒரு பலவீனம் உண்டு. மீதி 1 வராவிட்டால் முடிவு உறுதி. மீதி 1 வந்தால் எதுவும் உறுதியில்லை. மெர்சென் எண்களிடம் இந்தப் பலவீனம் முழுதாக வெளிப்படுகிறது. 2-இன் 11ஆம் அடுக்கான 2048-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1. 2046 என்பது 11-இன் 186 மடங்கு. ஆகவே 2046ஆம் அடுக்கிலும் மீதி 1 வந்துவிடுகிறது. 2047 பகு எண்ணாக இருந்தும் ஃபெர்மாவின் சோதனையில் தேறிவிடுகிறது. பகா எண்ணை அடுக்காகக் கொண்ட மெர்சென் எண்கள் எல்லாமே இப்படித் தேறிவிடும். அவற்றுக்கென்று தனியாக ஒரு சோதனை தேவைப்பட்டது. அதைக் கொண்டுவந்தவர் பிரான்ஸைச் சேர்ந்த எதுவார் லூகா. அவருடைய முறையை அமெரிக்கரான டெரிக் லேமர் 1930 வாக்கில் செம்மைப்படுத்திய வடிவம் மிக எளிது. 4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள்: 14. அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள்: 194. ஒவ்வொரு முறையும் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு தொடர வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இப்படிச் செய்த பிறகு மீதி பூச்சியமானால் அது பகா எண்; பூச்சியமாகாவிட்டால் பகு எண். 31-க்கு அடுக்கு 5, ஆகவே மூன்று தடவை: 14, பிறகு 194-இன் மீதியாக 8, பிறகு 62, அதாவது மீதி பூச்சியம். 31 தேறியது. 2047-க்கு ஒன்பது தடவை செய்தால் கடைசியில் 1736 நிற்கிறது. தேறவில்லை. அந்த 1736-ஐ எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் 23-உம் 89-உம் அதில் தெரியாது.

67ஆம் அடுக்குக்கு இது கேட்பது 65 படிகள்தான். ஒவ்வொரு படியிலும் இருபத்தோரு இலக்க எண்ணை வர்க்கப்படுத்தி வகுக்க வேண்டும் என்பதால் கைக்கணக்கில் இது கடும் உழைப்பு. ஆனால் எண்ணி முடிக்கக்கூடிய உழைப்பு. ஒருபக்கம் 65 படிகள், மறுபக்கம் நாலரைக் கோடி வகுத்தல்கள். 1876இல் லூகா தம் முறையைக் கொண்டு இரண்டு முடிவுகளை வெளியிட்டார்: 127ஆம் அடுக்கு தரும் 39 இலக்க எண் பகா எண், 67ஆம் அடுக்கு தருவது பகு எண். மெர்சென் பட்டியலில் முதல் பிழை இப்படித்தான் பிடிபட்டது. காரணி ஒன்றைக்கூடக் காட்டாமல்.

காரணியைக் காட்டாமல் பகு எண் என்று சொல்வது அரைகுறை அறிவு அல்லவா என்று இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. கண்ணால் காணாததை இருக்கிறது என்று சொல்வதைப் போல இது சிலருக்குத் தோன்றும். ஆனால் நாம் இந்த வகை அறிவை எப்போதும் ஒப்புக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு கல்யாண மண்டபத்தில் 400 பேர் இருந்தால், அவர்களில் குறைந்தது இரண்டு பேருக்காவது பிறந்த நாள் ஒன்றாக இருந்தே தீரும். ஆண்டில் மொத்தம் 366 தேதிகளுக்கு மேல் கிடையாது. யார் அந்த இருவர் என்று தெரியாது. ஆனால் இருக்கிறார்கள் என்பதில் அணுவளவும் சந்தேகம் இல்லை. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு இருவரைக் கண்டுபிடிப்பதால் அந்த உறுதி கூடப்போவதில்லை. புதிதாக வேறொரு செய்தி கிடைக்கும், அவ்வளவே. லூகாவின் முடிவும் இந்த இனம். அதைக் குறைந்த அறிவு என்பதைவிட வேறு கேள்விக்கான முழு விடை என்பதே சரி.

அந்த இன்னொரு கேள்விக்கு விடை தந்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் காட்டிய விடை இது: 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கினால் நம் இருபத்தோரு இலக்க எண் வரும். கணிதரும் எழுத்தாளருமான எரிக் டெம்பிள் பெல் பின்னாளில் எழுதியபடி, கோல் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் ஒருபக்கம் 2-இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார், மறுபக்கம் இரண்டு எண்களையும் பெருக்கிக் காட்டினார், இரண்டும் ஒத்துப்போயின, சபை கைதட்டியது. இதற்கு எவ்வளவு காலம் ஆனது என்று பெல் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் சொன்னாராம். பெல் கதையைச் சுவையாகச் சொல்பவர் என்பதால் அந்த மௌனத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எண்களை நம்பலாம், ஏனென்றால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பழைய ஒன்பதின் சோதனையே போதும், ஒரு மேலோட்டமான பார்வைக்கு: முதல் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, ஒன்பதால் வகுத்தால் மீதி 1. இரண்டாவதன் கூட்டுத்தொகை 64, மீதி 1. பெருக்கிவந்த எண்ணின் கூட்டுத்தொகை 109, அதற்கும் மீதி 1. இது முழு நிரூபணம் ஆகாது, ஆனால் பல பிழைகளைப் பிடித்துவிடும். முழு நிரூபணம் வேண்டுமானால் ஒரு தாளும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும். கண்டுபிடிக்கப் பல ஆண்டு, சரிபார்க்க ஒரு மணி நேரம். சிறிய காரணியில் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தால் சரியாக 14,45,580 வருகிறது. விதிகளால் சலித்த பட்டியலில் அது சுமார் ஏழேகால் லட்சமாவது இடம். கோல் இந்தப் பட்டியலை வரிசையாக வகுத்துக்கொண்டு போகவில்லை. வர்க்க மீதிகளைக் கொண்டு மேலும் மேலும் சலித்தே அங்கு போய்ச் சேர்ந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் கோலுடைய கரும்பலகையோடு முடித்துவிடுகிறார்கள். அவர் பெயரில் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒரு பரிசும் வழங்கிவருகிறது. அவருடைய உழைப்பை நான் சிறிதும் குறைக்கவில்லை. ஆனால் இந்த எண்ணின் வாழ்க்கையில் பெரிய நிகழ்வு 1876இல் நடந்தது என்றே கருதுகிறேன். கோல் கண்ட இரண்டு எண்கள் இந்த ஓர் எண்ணுக்கு மட்டும் உரியவை. லூகா திறந்த வழி எல்லா மெர்சென் எண்களுக்கும் பொது. இன்று மனிதகுலம் அறிந்த மிகப் பெரிய பகா எண், 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2-இன் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண். அதில் 4,10,24,320 இலக்கங்கள். அது பகா எண் என்பதை உறுதி செய்ததில் 4, 14, 194 என்று தொடங்கும் அதே வரிசைக்குப் பங்கு உண்டு.

இதெல்லாம் கைக்கணக்குக் காலத்துக் கவலை, கணினி வந்த பிறகு இதற்கு என்ன பொருள் என்று ஒருவர் கேட்கலாம். இருபத்தோரு இலக்க எண்ணை இன்றைய கைப்பேசியே கண்ணிமைக்கும் நேரத்தில் காரணிப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் கணினி இடைவெளியை மூடவில்லை, தள்ளி வைத்திருக்கிறது. 600 இலக்க எண்ணொன்று பகா எண்ணா என்று கேட்டால் மடிக்கணினி நொடிக்குள் சொல்லிவிடும். பகு எண் என்றால் காரணி என்ன என்று கேட்டால், எண் தந்திரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும்பட்சத்தில், உலகிலுள்ள கணினிகள் அனைத்தும் சேர்ந்தாலும் இன்று பதில் வராது. 250 இலக்கங்கள் கொண்ட அத்தகைய எண்ணொன்றை 2020இல் காரணிப்படுத்தினார்கள். ஒற்றைக் கணினி உள்ளகம் இரவுபகலாக ஓடினால் சுமார் 2,700 ஆண்டுகள் பிடிக்கும் வேலையைப் பல்லாயிரம் உள்ளகங்களில் பிரித்துச் செய்தார்கள்.

1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் இந்த இடைவெளியைப் பூட்டாக்கினார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் ஆர்எஸ்ஏ எனப்படும் அந்த முறையில், கணினி சுமார் 308 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைத் தேர்ந்து பெருக்கி 617 இலக்க எண் ஒன்றைப் பகிரங்கமாக வெளியிடும். அந்த எண்ணைக் கொண்டு யாரும் செய்தியைப் பூட்டலாம். திறக்கக் காரணிகள் தெரிய வேண்டும். காரணிப்படுத்துவது கடினம் என்பதால் இது பாதுகாப்பு என்பதைப் பலரும் சொல்வார்கள். அதற்கு முந்திய படியை அவ்வளவாகச் சொல்வதில்லை: அந்த 308 இலக்கப் பகா எண்களைக் கணினி எப்படிக் கண்டுபிடித்தது? குருட்டாம்போக்கில் ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்து, ஃபெர்மாவின் வழிவந்த ஒரு சோதனைக்கு உட்படுத்தும். தேறாவிட்டால் அடுத்தது. சில நூறு முயற்சிகளில் ஒன்று அகப்பட்டுவிடும். தள்ளப்பட்ட ஒவ்வொரு எண்ணும் பகு எண் என்று தெரியும். காரணி தெரியாது, தெரியவும் வேண்டாம். காரணியைக் காட்டினால்தான் நம்புவேன் என்று கணினி பிடிவாதம் பிடித்தால் ஒரு சாவிகூடத் தயாராகாது. ஒரு கேள்வி எளிதாகவும் மற்றது கடினமாகவும், இரண்டும் ஒருசேர இருந்தால்தான் பூட்டு உண்டு.

எளிது என்ற பாதிக்கு நிரூபணம் உண்டு, அது இந்தியாவிலிருந்து வந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும், எந்த முழு எண்ணையும் பகா எண்ணா இல்லையா என்று ஐயத்துக்கு இடமின்றிச் சோதிக்க ஒரு வழி கண்டார்கள். இலக்கங்கள் இரட்டிப்பானால் வேலை ஒரு குறிப்பிட்ட மடங்குக்கு மேல் பெருகாது என்பதையும் நிரூபித்தார்கள். மூவருக்கும் 2006இல் கோடல் பரிசு கிடைத்தது. அந்த நிரூபணத்தைப் படித்ததும் இயல்பாக எழும் கேள்வி, இது காரணிகளையும் தருமா என்பது. தராது. பகு எண் என்று சொல்லிவிட்டு, லூகாவைப் போலவே, அங்கேயே நின்றுவிடும்.

கடினம் என்ற மறுபாதிக்கு நிரூபணம் கிடையாது. என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது இதுதான், மறைக்க முடியாது. இதுவரை யாராலும் முடியவில்லை என்பது முடியாது என்பதற்குச் சான்று ஆகாது. பொருளியல் அறிஞரான வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1874இல் வெளியிட்ட நூலில் 861,64,60,799 என்ற எண்ணைத் தந்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கி இது வந்தது என்பது தம்மைத் தவிர யாருக்கும் என்றைக்கும் தெரியவருவது சந்தேகம் என்று எழுதினார். அதை உடைக்க ஃபெர்மாவே வழி சொல்லி வைத்திருந்தார். வர்க்கமூலத்தை அடுத்த முழு எண்ணான 92,825-இல் தொடங்கி, ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் ஜெவன்ஸ் எண்ணைக் கழித்து, மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்த்தால், 56ஆவது முயற்சியில் 92,880 வருகிறது. மிஞ்சுவது 3,199-இன் வர்க்கம். கூட்டினால் 96,079, கழித்தால் 89,681. இவைதான் காரணிகள். பொறுமையுள்ள ஒருவருக்கு ஒரு மதிய வேலை. இரண்டு காரணிகளும் அருகருகே இருந்ததுதான் ஜெவன்ஸ் கவனிக்காமல் விட்டது. 1977இல் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பத்தியில் வெளியிட்ட 129 இலக்க எண்ணின் கதையும் ஏறக்குறைய இதுவே. அதை உடைக்க 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். 1994இல், இணையத்தில் ஒன்றுகூடிய சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் எட்டு மாதங்களில் உடைத்துவிட்டன. அதே 1994இல் கணிதர் பீட்டர் ஷோர், குவாண்டம் கணினி ஒன்று பெரிய அளவில் உருவானால் காரணிப்படுத்துவதும் எளிதாகிவிடும் என்று காட்டினார்.

ஆகவே இடைவெளி என்றைக்கும் நிலைக்கும் என்று நான் சொல்லவில்லை. அது நிலைக்காமல் போகலாம் என்று அரசுகளே ஏற்பாடு செய்கின்றன; அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில், காரணிப்படுத்தலை நம்பாத புதிய பூட்டு முறைகளைத் தரங்களாக வெளியிட்டது. ஆனால் பூட்டு மாறுவதால் கணித உண்மை மாறாது. ஷோரின் வழி ஒரு நாள் நடைமுறைக்கு வந்தாலும், 91 உடையும் என்பதற்கு நாம் மேலே கண்ட நிரூபணத்தில் 7-உம் 13-உம் இருக்கப்போவதில்லை. இரண்டு கேள்விகளும் அப்போதும் இரண்டு கேள்விகளாகவே இருக்கும். ஒன்றின் விலை குறைந்திருக்கும்.

லூகாவுக்கும் கோலுக்கும் இடைப்பட்ட 27 ஆண்டுகளைப் போன்ற நிலையில் இன்றும் பல எண்கள் இருக்கின்றன. 2-இன் 16,384ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டி வரும் எண் பகு எண் என்பது 1960களின் தொடக்கத்தில் நிரூபணமானது. அதன் முதல் காரணி 2010இல்தான் கிடைத்தது. மெர்சென் எண்களில் 1277ஆம் அடுக்கு தருவது 385 இலக்க எண். லூகாவின் சோதனையில் அது தேறவில்லை, ஆகவே பகு எண். பல ஆண்டுகளாகப் பல நாடுகளில் தன்னார்வலர்கள் கணினிகளை ஓடவிட்டும் ஒரு காரணிகூட இன்றுவரை அகப்படவில்லை. அதைப் பற்றிச் சில செய்திகள் உறுதியாகத் தெரியும். அதன் ஒவ்வொரு காரணியையும் 2554-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 வரும். அவற்றில் மிகச் சிறியதற்கு 193 இலக்கங்களுக்கு மேல் இருக்காது. அந்த அளவுக்குள் இருக்கும் ஓர் எண்ணை யாராவது முன்வைத்தால், அது சரியா என்று பார்க்க ஒரேயொரு வகுத்தல் போதும்.